புது டயர் ரிம்மில் ஏறவில்லையா, ஏறியும் ஆடுகிறதா? மாட்டுவதற்கு முன்பிருந்து க்ளெய்ம் வரை

பைக்கின் பின்சக்கரத்துக்கு வாங்கிய புது டயரோடு ஒன்றரை மாதம் மல்லுக்கட்டியிருக்கிறேன். ரிம்மில் ஏறவே அடம்பிடித்தது. ஏறிய பிறகு ஓரிடத்தில் மட்டும் உள்வாங்கியே நின்றது. அப்படியே ஓட்டினால் ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் சீட்டுக்கு அடியில் யாரோ விட்டுவிட்டு உதைப்பது போல இருந்தது. "ஓட ஓட செட் ஆயிடும் சார்" என்றார் மாட்டிக் கொடுத்தவர். ஆகவில்லை. டயரைத் தூக்கிக்கொண்டு விற்றவரிடம் போனேன். அவர் அதைத் திருப்பிப் பார்த்து, உள் விளிம்பில் நகம் நுழையும் அளவுக்கு இருந்த ஒரு வெட்டைக் காட்டினார். "இது மாட்டும்போது லிவர் பட்டது. கம்பெனி குறை இல்லை." (லிவர் என்றால் டயரை ரிம்முக்குள் நெம்பித் தள்ளும் கம்பி.) அந்த வெட்டு முன்பே இருந்ததா, மாட்டும்போது விழுந்ததா? என்னிடம் ஒரு போட்டோகூட இல்லை. பணம் போனது போனதுதான்.

அடுத்த டயரை நானே மாட்டினேன். அப்போது கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன். நீங்களே மாட்டாமல் கடையில் கொடுத்தாலும் இந்த வரிசை அப்படியே பொருந்தும். பக்கத்தில் நின்று பார்ப்பவராக இருந்தால் போதும்.

ஒரே ஒரு சொல்லை மட்டும் முதலில் பழகிக்கொள்ளுங்கள்: பீட். ரிம்மோடு கவ்விக்கொள்ளும் டயரின் உள் விளிம்பு அது. உள்ளே எஃகுக் கம்பி வளையம் இருக்கும். ரப்பர் நீளும், அந்தக் கம்பி நீளாது. நம் தலைவலி முழுவதும் அந்தக் கம்பியிலிருந்துதான் வருகிறது.

1. டயர் வந்த அன்றே பில்லும் போட்டோவும்

டயர் ரிம்மில் ஏறுவதற்கு முந்தைய நிமிடம் வரைதான் அது 'புது டயர்'. ஏறிவிட்டால் பல கடைகள் திருப்பி வாங்காது; குறை இருந்தால் வாரண்டி வழியாக வா என்று சொல்லிவிடும். ஆகவே ஆதாரத்தை எல்லாம் அதற்கு முன்பே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பில்லில் டயரின் பெயர், அளவு, வாங்கிய தேதி இருக்கட்டும். முடிந்தால் டயரின் வரிசை எண்ணையும் எழுதித் தரச் சொல்லுங்கள். வாரண்டி கார்டு தந்தால் அங்கேயே தேதி போட்டு முத்திரை வாங்குங்கள். முத்திரை இல்லாத கார்டு வெறும் அட்டை.

இணையத்தில் வாங்கினால் பார்சலைப் பிரிப்பதை வீடியோ எடுத்துவிடுங்கள். திருப்பி அனுப்பும் கெடு எத்தனை நாள் என்றும், மாட்டிய டயரைத் திரும்ப எடுப்பார்களா என்றும் ஆர்டர் போடும் முன்பே படித்துவிடுங்கள். அந்தக் கெடு முடிவதற்குள் டயரை மாட்டி ஓட்டிப் பார்க்கும்படி நாளைத் திட்டமிட வேண்டும். 'தள்ளுபடியில் கிடைத்தது, ஆறு மாதம் கழித்து மாட்டிக்கொள்ளலாம்' என்று பரணில் போட்டுவைத்தால் குறை தெரியவரும்போது கெடு முடிந்திருக்கும். அதே போல நீண்ட பயணத்துக்கு முந்தின நாள் டயர் மாற்றாதீர்கள். நான் அதைத்தான் செய்தேன்.

எடுக்க வேண்டிய படங்கள்: இரு பக்கவாட்டுச் சுவர்கள், எண்கள் தெளிவாகத் தெரியும்படி; ஓடுதளம், அதாவது சாலையைத் தொடும் பகுதி, முழுவதும், டயரை உருட்டி உருட்டி நான்கைந்து படம்; மேல் பீட், கீழ் பீட் இரண்டும் சுற்றிலும். இந்தப் பீட் படங்கள்தான் என்னிடம் இல்லாமல் போனவை. மொத்த வேலைக்கும் ஐந்து நிமிடம் ஆகாது.

2. எண்களைப் படியுங்கள்

'ஏறவே இல்லை' என்று வரும் டயர்களில் சில, உண்மையில் அந்த ரிம்முக்கே உரியவை அல்ல. 100/90-17 55 பி என்று டயரில் இருந்தால், அகலம் 100 மில்லிமீட்டர், பக்கவாட்டு உயரம் அந்த அகலத்தில் 90 சதவீதம், ரிம்மின் விட்டம் 17 அங்குலம். 55 என்பது சுமைக் குறியீடு, 218 கிலோ வரை தாங்கும். கடைசி எழுத்து வேகத்துக்கு: 'பி' என்றால் மணிக்கு 150 கிலோமீட்டர் வரை, 'எஸ்' என்றால் 180, 'எச்' என்றால் 210. நடுவில் கோடு இருந்தால் குறுக்கு இழை டயர், 'ஆர்' இருந்தால் ரேடியல்.

விட்டம் பொருந்தினால் மட்டும் போதாது, ரிம்மின் அகலமும் பார்க்க வேண்டும். 120/70 முன் டயருக்கு வழக்கமான ரிம் அகலம் 3.50 அங்குலம், 180/55 பின் டயருக்கு 5.50. 'கொஞ்சம் அகலமாகப் போட்டால் கெத்தாக இருக்கும்' என்று ஒல்லி ரிம்மில் தடித்த டயரைப் போட்டால் பீட் இரண்டும் நெருங்கி நிற்கும், காற்றுப் பிடிக்காது. பிடித்தாலும் டயரின் வடிவமே மாறிப்போய் வளைவில் பைக் வேறு மாதிரி சாயும். ரிம் அகலம் பெரும்பாலும் ரிம்மிலேயே பொறித்திருக்கும்.

டியூப்லெஸ் டயரா, டியூப் போடும் டயரா என்பதும் பக்கவாட்டில் இருக்கும். ரிம்மின் அளவோடு 'எம்டி' என்று இருந்தால், பீட் உட்காரும் இடத்துக்கு உட்புறமாக ஒரு சிறு மேடு உண்டு. டயரில் காற்று இறங்கினாலும் பீட் நழுவாமல் பிடிப்பது அந்த மேடுதான். புது டயரை உட்காரவைக்கும்போது நம் பொறுமையைச் சோதிப்பதும் அதேதான். அதைக் குறை என்று நினைத்துவிடாதீர்கள்.

தயாரித்த தேதி: 'டிஓடி' என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கம். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கலாம், காணவில்லையென்றால் மறுபக்கம் திருப்புங்கள். நிழலில் ஒழுங்காக வைத்திருந்த டயர் ஓரிரு வருடம் பழையதாக இருந்தால் நான் கவலைப்பட மாட்டேன். நான்கைந்து வருடம் ஆகியிருந்தால் வாங்கவே மாட்டேன். பழைய ரப்பர் விறைத்திருக்கும். ஏற்றுவதும் கஷ்டம், பிடிமானமும் குறைவு.

3. கையால் தடவிப் பாருங்கள்

நல்ல வெளிச்சத்தில், ஒரு முறை கண்ணால், ஒரு முறை கையால். உள்ளே கையை விட்டும் தடவ வேண்டும்.

பதறத் தேவையில்லாதவை முதலில். மீசை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் முடிகள், ஓடுதளத்தின் நடுவில் ஓடும் மெல்லிய அச்சுக்கோடு, வண்ணக் கோடுகள், பக்கவாட்டில் மஞ்சள் அல்லது சிவப்புப் புள்ளி, பளபளவென்ற வழுக்கல். எல்லாம் வழக்கமானவை. ரேடியல் டயரில் காற்றடித்த பிறகு பக்கவாட்டில் லேசாக உள்வாங்கிய கோடு தெரிவதும் உண்டு. உள்ளே இழைகள் ஒன்றன்மேல் ஒன்று சேரும் இடம் அது.

உள்வாங்கினால் பரவாயில்லை. வெளியே புடைத்தால் விடாதீர்கள். காற்றடித்த டயரில் எங்கே புடைப்பு இருந்தாலும் அதை ஓட்டக் கூடாது. அதோடு பீட்டில் வெட்டு, கம்பி வெளியே தெரிதல், பீட் ஓரிடத்தில் மடங்கி முறிந்திருத்தல், உள் சுவரில் இழை தெரிதல், குமிழ், பக்கவாட்டில் விரிசல். இவற்றில் ஒன்று இருந்தாலும் மாட்டாமல் திருப்பிக் கொடுங்கள். 'மாட்டிப் பார்த்துட்டு சொல்லுங்க' என்று விற்பவர் சொன்னால் மறுத்துவிடுங்கள். மாட்டிவிட்டால் உங்கள் வழக்கு பாதி போயிற்று.

தனியாகச் சொல்ல வேண்டியது, நசுங்கி வந்த டயர். பார்சலில் இடம் மிச்சம் பிடிக்க இறுக்கிக் கட்டி அனுப்பும்போதோ, மேலே மேலே அடுக்கி வைக்கும்போதோ இரண்டு பீட்டும் ஒட்டிக்கொள்ளும். பார்க்கக் கோணலாக இருக்கும். இது பெரும்பாலும் சரியாகக் கூடியதுதான். இரண்டு பீட்டுக்கும் நடுவே மூன்று நான்கு மரக்கட்டைகளைச் சமதூரத்தில் செருகி, ஒரு பகல் வெயிலில் போட்டுவையுங்கள். கம்பியே மடங்கி, ஒரு முறிவுக் கோடு தெரிந்தால் மட்டும் அது சரியாகாது.

4. ரிம்மைச் சந்தேகப்படுங்கள்

புது டயரைத் திட்டுவதற்கு முன் பழைய ரிம்மைப் பாருங்கள். சக்கரம் வண்டியில் இருக்கும்போதே, பழைய டயரைக் கழற்றும் முன் இதைச் செய்வது சுலபம். சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஒரு பென்சிலை ஃபோர்க்கிலோ பின் ஆர்மிலோ கட்டி, நுனி ரிம்மைத் தொடாமல் ஒரு மயிரிழை தள்ளி நிற்கும்படி வையுங்கள். சக்கரத்தைச் சுழற்றினால் இடைவெளி கூடுவதும் குறைவதும் கண்ணுக்குத் தெரியும். பல பைக்குகளின் பணிமனைக் கையேட்டில் ரிம்மின் ஆட்டத்துக்கு எல்லை 2 மில்லிமீட்டர் என்று இருக்கும். அதற்கு மேல் கோட்டம் இருந்தால் எந்தப் புது டயரும் உங்களைத் திருப்திப்படுத்தாது.

டயரைக் கழற்றியபின் பீட் உட்காரும் வளையத்தை விரலால் ஒரு சுற்று தடவுங்கள். பழைய ரப்பர் ஒட்டிக்கொண்டு காய்ந்திருக்கும்; இரும்பு ரிம் துருப்பிடித்திருக்கும்; அலுமினியம் வெள்ளையாகப் பூத்திருக்கும். நைலான் நாரால் தேய்த்துத் துடைத்துச் சுத்தமாக்குங்கள். உப்புத்தாளை முரட்டுத்தனமாகத் தேய்த்தால் காற்றுக் கசிய வழி போட்டுக் கொடுத்தது போல ஆகும். ரப்பர் வால்வையும் அப்போதே மாற்றிவிடுங்கள். அது சின்னச் செலவு. பிறகு அதற்காக மறுபடி டயரைக் கழற்றுவது பெரிய செலவு.

5. ஏற மறுக்கும் டயரை ஏற்றுவது

முதலில் டயரைச் சூடாக்குங்கள். ஒரு மணி நேரம் வெயிலில் வைத்தால், அல்லது வெதுவெதுப்பான அறையில் ஓர் இரவு வைத்தால், ரப்பர் வேறு பொருளாக மாறிவிடும். நெருப்பு, வெந்நீர் எல்லாம் வேண்டாம்.

சக்கரத்தைத் தரையில் படுக்கப்போடும்போது பிரேக் டிஸ்க்கின் மேல் எடை விழக் கூடாது. பழைய டயர் ஒன்றின் மேல் வையுங்கள், டிஸ்க் நடுவில் தொங்கிக்கொண்டிருக்கும். சக்கரம் வெளியே இருக்கும் நேரத்தில் பிரேக் லிவரை யாரும் அழுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பேட்கள் நெருங்கிவிட்டால் டிஸ்க் திரும்ப நுழையாது.

பக்கவாட்டில் உள்ள அம்புக்குறி சக்கரம் முன்னோக்கிச் சுழலும் திசையைக் காட்ட வேண்டும். சிலவற்றில் முன்சக்கரத்தில் போட்டால் ஒரு திசை, பின்சக்கரத்தில் போட்டால் எதிர்த்திசை என்று இரண்டு அம்புகள் இருக்கும். மாட்டி முடித்து வியர்வையைத் துடைக்கும்போது அம்பு எதிர்ப்பக்கம் பார்த்துச் சிரித்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். மஞ்சள் புள்ளி இருந்தால் பொதுவாக அது டயரின் எடை குறைந்த இடம்; அதை வால்வுக்கு நேராக வையுங்கள்.

பிறகு வழுக்கல். டயர் மாட்டும் பேஸ்ட் கிடைத்தால் அது, இல்லையென்றால் கெட்டியான சோப்புத் தண்ணீர். இரண்டு பீட்டிலும் ரிம் விளிம்பிலும் தாராளமாகத் தடவுங்கள். எஞ்சின் ஆயில், கிரீஸ், பெட்ரோல் வேண்டாம். எண்ணெய் ரப்பரைக் கெடுக்கும், காயவும் காயாது. பிரேக் போடும்போது டயர் ரிம்மிலேயே நழுவித் திரும்பும்.

இப்போது முக்கியமான இடம். முதல் பீட் பெரும்பாலும் முழங்காலால் அழுத்தினாலே இறங்கிவிடும். இரண்டாவதுதான் பிரச்சினை. ரிம்மைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் நடுவில் ஒரு பள்ளம் இருக்கும். பீட்டின் கம்பி வளையம் ரிம் விளிம்பைவிடச் சிறியது, அது நீளாது. ஆகவே ஒரு பக்கம் விளிம்பைத் தாண்ட வேண்டுமானால், அதற்கு நேர் எதிர்ப்பக்கம் பீட் அந்த நடுப்பள்ளத்தில் விழுந்திருக்க வேண்டும். அங்கே கிடைக்கும் தளர்வுதான் இங்கே நமக்குக் கிடைக்கும் இடம். வேறு எங்கிருந்தும் இடம் வராது.

வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் தொடங்கி வால்வுப் பக்கத்தில் முடியுங்கள். தொடங்கிய பக்கத்தை முழங்காலால் பள்ளத்தில் அழுத்திக்கொண்டே லிவரால் இருபுறமும் கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு தடவைக்கு ஐந்து சென்டிமீட்டர் போல, எடுத்து வாருங்கள். ரிம்மில் கீறல் விழாமல் லிவருக்கு அடியில் பாதுகாப்புத் துண்டு வையுங்கள். கடைசி ஒரு சாண் வரும்போது டயர் கல் மாதிரி இறுகும். அப்போது எல்லோரும் செய்வது, இன்னும் நீளமான லிவரைத் தேடுவது. என் முதல் டயரின் பீட் வெட்டுப்பட்டது அந்த இடத்தில்தான் என்று இப்போது நம்புகிறேன்.

இறுகினால் நிறுத்துங்கள். எழுந்து எதிர்ப்பக்கம் போய்ப் பாருங்கள். பத்துக்கு ஒன்பது தடவை அங்கே பீட் பள்ளத்திலிருந்து மேலேறி ரிம்மின் ஓரத்தில் ஒட்டியிருக்கும். முழங்காலால் மறுபடி உள்ளே தள்ளி, இன்னும் கொஞ்சம் சோப்புத் தடவுங்கள். இரண்டாவது டயரில் நான் அப்படித் தள்ளியதும், அதுவரை இரண்டு லிவருக்கும் மசியாத கடைசித் துண்டு கட்டைவிரல் அழுத்தத்திலேயே வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. ஒரு நிமிடம் அப்படியே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டியூப் போடும் டயரானால் இன்னும் இரண்டு விஷயம். டியூபில் அதன் வடிவம் வரும் அளவுக்கு மட்டும் கொஞ்சம் காற்று வையுங்கள். தொளதொளவென்று இருந்தால் லிவர் அதைக் கவ்விவிடும். ஆரக்கால் ரிம்மில், கம்பி முனைகள் டியூபைக் குத்தாமல் மூடும் உள்நாடா ஒழுங்காக இருக்கிறதா என்று பாருங்கள், கிழிந்திருந்தால் மாற்றுங்கள். காற்றடித்து பீட் உட்கார்ந்ததும் ஒரு முறை முழுதாகக் காற்றை இறக்கி மறுபடி அடித்தால் டியூபின் மடிப்புகள் நீங்கும்.

6. காற்றே பிடிக்கவில்லை என்றால்

டியூப்லெஸ் டயரில் அடிக்கிற காற்றெல்லாம் இரு பக்கமும் புஸ்ஸென்று போய்விடும். கால் பம்பு இதற்கு உதவாது; தொட்டியுள்ள கம்ப்ரசர் வேண்டும். வால்வின் உள்முள்ளைக் கழற்றிவிட்டு அடித்தால் காற்று வேகமாகப் பாயும். அப்படியும் ஆகாவிட்டால் ஓடுதளத்தைச் சுற்றி ஒரு பட்டையைப் போட்டு இறுக்குங்கள். நடு அமுங்கினால் பீட்கள் இரு பக்கமும் விரிந்து ரிம்மைத் தொடும். பீட் பிடித்ததும் பட்டையைத் தளர்த்திவிட வேண்டும்.

இன்னொரு வழி, உள்ளே ஒரு டியூபைப் போட்டுக் காற்றடித்து இரு பீட்டையும் உட்காரவைத்து, ஒரு மணி நேரம் விட்டு, ஒரு பக்கத்தை மட்டும் தளர்த்தி டியூபை எடுத்துவிடுவது. பிறகு அந்த ஒரு பக்கத்தை உட்காரவைத்தால் போதும். வேலை அதிகம், ஆனால் நசுங்கி வந்த டயருக்கு இதைவிடப் பணிவான வைத்தியம் இல்லை.

எரியும் ஸ்ப்ரே அடித்துத் தீ வைத்து 'டமார்' என்று டயரை உட்காரவைக்கும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். செய்யாதீர்கள்.

7. காற்று நிற்கிறது, ஆனால் ஓரிடம் உட்காரவில்லை

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். நானும் இங்கேதான் ஏமாந்தேன். டயரின் பக்கவாட்டில், ரிம் விளிம்புக்குச் சற்று மேலே, சுற்றிலும் ஒரு மெல்லிய கோடு எழும்பியிருக்கும். அந்தக் கோட்டுக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளி சுற்றிலும், இரண்டு பக்கமும், ஒரே அளவாக இருக்க வேண்டும். ஓரிடத்தில் கோடு ரிம்முக்குள் மூழ்கியிருந்தால் அங்கே பீட் உட்காரவில்லை. கடையை விட்டுக் கிளம்பும் முன் பார்க்க வேண்டிய ஒரே விஷயம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

உட்காரும்போது பெரும்பாலும் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு 'டப்' கேட்கும். ஒன்றுதான் கேட்டது என்றால் கோட்டைப் பாருங்கள். காற்றைக் கூட்டிக்கொண்டே போனால் உட்கார்ந்துவிடும் என்று தோன்றும். அதற்கு எல்லை உண்டு. உட்காரவைக்க அடிக்கலாம் என்று தயாரிப்பாளர் சொல்லும் அதிகபட்ச அழுத்தம் பல டயர்களின் பக்கவாட்டிலேயே எச்சரிக்கையாகப் பொறித்திருக்கும். பலவற்றில் 40 பிஎஸ்ஐ. உங்கள் டயரில் என்ன எழுதியிருக்கிறதோ அதோடு நிறுத்துங்கள். பீட் கம்பி அறுந்தால் டயர் வெடிக்கும், ரிம் உடையலாம். கவ்விப்பிடிக்கும் முனையுள்ள நீளமான குழாயைப் போட்டு, தள்ளி நின்று அடியுங்கள். பீட்டுக்கும் ரிம்முக்கும் நடுவில் விரலைக் கொண்டுபோகாதீர்கள்.

எல்லைக்கு வந்தும் உட்காரவில்லையா? காற்றை முழுதாக இறக்குங்கள், அந்த இடத்துப் பீட்டை ரிம்மிலிருந்து விலக்குங்கள், பேஸ்ட் தடவுங்கள், வெயிலில் கொஞ்சம் வைத்து மறுபடி அடியுங்கள். இதை மூன்று முறை வரை செய்யலாம்.

மூன்று முறையும் தோற்றால், ஒரு சாக்பீஸ் எடுங்கள். உட்காராத இடத்தில் டயரில் ஒரு கோடு, அதற்கு நேரே ரிம்மில் ஒரு கோடு. இரு பீட்டையும் தளர்த்தி, டயரை ரிம்மின் மேல் அரைச் சுற்று திருப்பி மறுபடி காற்றடியுங்கள். குறை டயரின் கோட்டோடு சேர்ந்து நகர்ந்தால் டயரில் கோளாறு. ரிம்மின் கோட்டிலேயே நின்றால் ரிம்மில் கோளாறு. இரண்டு நிலையையும் படம் எடுத்து வையுங்கள். இந்தச் சோதனையை எனக்கு யாராவது முன்பே சொல்லியிருந்தால் ஒன்றரை மாதம் மிச்சமாகியிருக்கும்.

8. பேலன்ஸும் முதல் ஓட்டமும்

சக்கரத்தை ஆக்சிலோடு ஸ்டாண்டில் வைத்துச் சுழலவிட்டால் கனமான பக்கம் கீழே வந்து நிற்கும். எதிரே எடை ஒட்ட வேண்டும். இருபது முப்பது கிராம் ஆவது சாதாரணம். அறுபதைத் தாண்டினால் நான் எடை ஒட்டிக்கொண்டே போக மாட்டேன், டயரை ரிம்மில் திருப்பிப் போட்டுப் பார்ப்பேன். குறைந்துவிட்டால் நல்லது. எங்கே திருப்பினாலும் குறையவில்லை என்றால், அதுவும் எழுதி வைக்க வேண்டிய விஷயம்.

வண்டியில் மாட்டியதும் செயின் நேர்கோடு, ஆக்சில் நட்டின் இறுக்கம் இரண்டையும் சரிபாருங்கள். கிளம்பும் முன் பிரேக்கைப் பலமுறை அழுத்திப் பாருங்கள். வால்விலும் பீட் ஓரத்திலும் சோப்புத் தண்ணீர் தெளித்தால் கசிவு குமிழாகக் காட்டிக்கொடுக்கும். உட்காரவைக்க அடித்த காற்று உள்ளேயே இருந்துவிடும், அதை இறக்கி வண்டிக்குரிய அளவுக்குக் கொண்டுவர மறக்காதீர்கள். மறுநாள் காலை, டயர் குளிர்ந்திருக்கும்போது இன்னொரு தடவை அளக்க வேண்டும்.

முதல் 160 கிலோமீட்டர் வரை நிதானம். புது ரப்பரின் மேற்பரப்பு வழுக்கும். திடீர் பிரேக், ஆழமான சாய்வு எல்லாம் அப்புறம். இந்த ஓட்டத்தில் ஆட்டம் தெரிந்தால் வேகத்தோடு சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வந்து மறையும் அதிர்வு பெரும்பாலும் பேலன்ஸ். மெதுவாகப் போகும்போதே சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தூக்கல் தெரிந்தால் டயர் வட்டமாக இல்லை, அல்லது பீட் உட்காரவில்லை. அது தானாகச் சரியாகாது. 'ஓட ஓட' சரியாகும் என்று ஓட்டும் ஒவ்வொரு கிலோமீட்டரும் உங்கள் க்ளெய்மைத்தான் தேய்க்கிறது.

9. க்ளெய்ம் போடும்போது

விற்றவருக்கு அன்றே தெரியப்படுத்துங்கள், எழுத்தில். தொலைபேசியில் பேசினாலும் பிறகு ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள்: எந்தத் தேதியில் வாங்கினேன், எப்போது மாட்டினேன், எத்தனை கிலோமீட்டர் ஓடியது, என்ன குறை. மூன்று நான்கு வரி போதும். கோபத்தை எழுத வேண்டாம். சாக்பீஸ் படத்தை இணையுங்கள்.

கூடவே வேண்டியவை: பில், முத்திரையிட்ட வாரண்டி கார்டு, மாட்டிய கடையின் ரசீது, ஓடோமீட்டர் படம், மாட்டுவதற்கு முன் எடுத்த படங்கள், சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றும் வீடியோ. வீடியோவில் முன்பு ரிம்முக்குக் கட்டிய அதே பென்சிலை ஓடுதளத்துக்கு அருகில் கட்டிவிடுங்கள். ரிம் நேராகச் சுற்ற, டயர் மட்டும் பென்சிலை நெருங்கி விலகுவது தெரிந்தால் வாதமே தேவைப்படாது.

பெரும்பாலும் விற்பவர் முடிவெடுக்க மாட்டார். தயாரிப்பாளரின் தரப்பில் ஒருவர் டயரைப் பார்ப்பார், அல்லது டயரை அங்கே அனுப்புவார்கள். சில நாளில் முடிவதும் உண்டு, வாரக்கணக்கில் இழுப்பதும் உண்டு. அதுவரை வண்டி நிற்கக் கூடாது என்றால், பழைய டயர் ஓட்டத்தக்க நிலையில் இருக்கும் பட்சத்தில், அதைத் தூக்கிப்போடாமல் வைத்திருங்கள். டயரை ஒப்படைத்தால் வரிசை எண் எழுதிய ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.

வாரண்டி பொதுவாகப் பொருள் குறைக்கும் தயாரிப்புக் குறைக்கும்தான். ஆணி, கல், பள்ளம், காற்றுக் குறைவாக ஓட்டியது, மாட்டும்போது பட்ட காயம் எதுவும் அதில் வராது. மாட்டும்போது காயம் என்று முடிவானால் பொறுப்பு மாட்டியவருடையது. அதனால்தான் அவருடைய ரசீதும் வேண்டும். விற்பவரே மாட்டிக் கொடுப்பவராகவும் இருந்தால் ஒருவரை ஒருவர் கைகாட்ட வழியில்லை. கொஞ்சம் விலை கூடினாலும் இப்போது நான் அப்படித்தான் வாங்குகிறேன்.

நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 'குறை இல்லை' என்பது காரணம் ஆகாது. எந்த இடத்தில் என்ன பார்த்தார்கள் என்று இருக்க வேண்டும்.

10. செலவுக் கணக்கு

மாற்று டயர் கிடைத்தாலும் முழுதாக இலவசம் என்று எண்ணிவிடாதீர்கள். பல வாரண்டிகள் தேய்மானத்தைக் கழித்துத்தான் தருகின்றன. தேயத்தக்க ஆழம் 5 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 1 மில்லிமீட்டர் தேய்ந்த டயருக்கு விலையில் ஐந்தில் ஒரு பங்கை நீங்கள் போட வேண்டியிருக்கும். குறை தெரிந்ததுமே வண்டியை நிறுத்துவதன் லாபம் இங்கேதான் இருக்கிறது.

கழற்றிய கூலி, மறுபடி மாட்டும் கூலி, பேலன்ஸ் செலவு, டயரை அனுப்பும் செலவு ஆகியவற்றைப் பெரும்பாலும் யாரும் தர மாட்டார்கள். கேட்டுப் பாருங்கள், கடைக்காரர் மாட்டும் கூலியையாவது விட்டுக்கொடுக்கலாம். வண்டியோடு போகாமல் சக்கரத்தை மட்டும் கழற்றிக் கொண்டுபோனால் பல இடங்களில் கூலி குறையும். நீங்களே மாட்டுவதானால் நல்ல லிவர் மூன்று, ரிம் பாதுகாப்புத் துண்டுகள், பேஸ்ட், வால்வு முள் சாவி, காற்றழுத்தமானி வேண்டும். இரண்டு மூன்று டயர் மாற்றினால் அந்தப் பணம் திரும்பிவிடும். கம்ப்ரசர் வாங்க வேண்டாம். பீட்டை உட்காரவைக்க மட்டும் சக்கரத்தை உருட்டிக்கொண்டு போய்க் காற்றடித்து வரலாம். போகும்போது சாக்பீஸை சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள்.